வாங்காமல் போன மரச்சீனி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் தக்கலைக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர். என் பாட்டாவும் அவருடைய கூட்டுக்காரரும் ஊர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். கூட்டுக்காரர் முதலில் மலாயாவுக்குப் போய் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்தார். பாட்டா 1940இல் பிரிட்டிஷ் இந்தியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபின் பாட்டா கைதியானார்; கூட்டுக்காரர் 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். பாட்டா கடைசிவரை சேரவில்லை. இருவரும் உயிரோடு ஊர் திரும்பி, நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காரணம் கேட்டால் பாட்டி சொல்வது இது மட்டும்தான்: "அவன் வேலிக்க அந்தப் பக்கம் நிண்ணு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிச்சு கொண்டு நீட்டினான். இவரு வாங்கல்ல மக்களே."

இப்போது எங்கள் பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்காக, அங்கே படித்த விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்கிறார்கள். பாட்டாவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். கூட்டுக்காரரின் பேரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன், கூட்டத்தில் எழுந்து, "வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்த துரோகிக்கு இதில் இடமில்லை" என்றான். அன்றிலிருந்து நாங்களும் பேசுவதில்லை. பாட்டாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஒரு காகிதத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். என் பாட்டா துரோகியா? நான் என்ன செய்ய வேண்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தக்கலை)

பதில்: இல்லை, உங்கள் பாட்டா துரோகி இல்லை. ஆனால் அந்தக் கல்லில் அவர் பெயரைக் கேட்டதும் சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. இரண்டையும் விளக்குவதற்கு முன்னால், அவர் எந்த இடத்தில் நின்று அந்த முடிவை எடுத்தார் என்பதை நாம் பார்த்தாக வேண்டும்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சாங்கி முகாமுக்கு அனுப்பிவிட்டு, இந்தியச் சிப்பாய்களை மட்டும் ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். ஆயிரமாயிரம் பேர் திரண்டிருந்த அந்தத் திடலில், ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டு விலகினார். ஜப்பானிய உளவுப் பிரிவின் மேஜர் ஃபுஜிவாரா பேசினார். பிறகு 14ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் கேப்டன் மோகன் சிங் எழுந்து, இந்தியாவின் விடுதலைக்காக ஒரு படை அமையப்போவதை அறிவித்தார். எந்த அரசுக்கு உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்து வந்தார்களோ, அந்த அரசின் அதிகாரியே அவர்களை ஆடுமாடுகளைக் கைமாற்றுவதுபோல் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன நாள் அது. அதைக் கண்ட பலருக்கு அந்தச் சத்தியம் அன்றே முறிந்தது. சத்தியம் செய்தது நான், அதைக் காப்பாற்றவேண்டியவனும் நான்தான் என்று நினைத்தவர்களும் அதே திடலில் அதே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

சேர்ந்தவர்களுக்குப் பல காரணங்கள் இருந்தன. நாட்டுப்பற்று முதன்மையானது, அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மலாயாவில் இந்திய அதிகாரிகளை வெள்ளையரின் கிளப்புகளுக்குள் விடாமல் வைத்திருந்த அவமானமும் உண்டு. ஜப்பானியரிடம் அகப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்கு ஒரு காவல் வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. தோட்டத் தமிழர்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் மறக்கக் கூடாது: சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள், அங்கே காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். நேதாஜியின் படையில் ஒருவர் சேர்ந்தால் அந்தக் குடும்பத்தின்மேல் ஜப்பானியர் கைவைக்கத் தயங்குவார்கள் என்பது தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உங்கள் பாட்டாவின் கூட்டுக்காரர் 1943இல் சேர்ந்திருக்கிறார். அந்த ஆண்டு ஜூலை 2ஆம் தேதிதான் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்திறங்கினார். அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு கிராணி துப்பாக்கியைத் தூக்கும் அளவுக்கு அந்தப் பேச்சு ஆட்களைப் பிடித்து உலுக்கியது.

சேராதவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. சத்தியத்தை மீறக் கூடாது என்ற எண்ணம் ஒன்று. ஜப்பானியர் சீனர்களை என்ன செய்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டு, இவர்கள் இந்தியாவுக்குள் வந்தால் நம் வீடுகளுக்கும் இதுதான் நடக்கும் என்ற அச்சம் ஒன்று. ஊரில் மனைவிக்கும் தாய்க்கும் மாதாமாதம் போய்ச்சேர்ந்துகொண்டிருந்த சம்பளப் பங்கு நின்றுவிடுமே என்ற கவலை ஒன்று. அந்தக் கவலையை அற்பமாக நினைக்க வேண்டாம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது; வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. நாஞ்சில் நாட்டில் நெல் விளைந்தாலும் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் பல வீடுகளில் அடுப்பில் ஏறியது மரச்சீனி மட்டும்தான். மதியத்துக்கு அவித்த மரச்சீனி, இரவுக்கு அதே மரச்சீனியின் தண்ணீர் என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். கடலுக்கு அப்பால் சிங்கப்பூரிலும் அதே காலத்தில் அதே கிழங்கைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஒன்றை உங்கள் நண்பரிடம் எடுத்துச் சொல்லலாம். சேராமல் இருந்தது சுகமான வழி இல்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேராத கைதிகளை ஜப்பானியர் வேலைப்படைகளாகப் பிரித்து, ஆயிரக்கணக்கில் நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அவர்கள் அடியிலும் பட்டினியிலும் செத்தார்கள். பலர் அந்தத் தீவுகளுக்குப் போய்ச்சேரும் முன்பே கடலில் முடிந்தார்கள். வெள்ளைக்காரனிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவன் இவ்வளவையும் தாங்கியிருக்க மாட்டான்.

இனி அந்த மரச்சீனிக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஒருவர் நீட்டிய ஆகாரத்தை வேண்டாம் என்று சொல்வது சிறிய காரியம் இல்லை. அதற்காகவே இரண்டு குடும்பங்கள் இரண்டு தலைமுறை பேசாமல் இருந்ததை நான் அறிவேன். ஆனால் அந்த முகாமில் உணவுக்கு வேறு பொருளும் இருந்தது. சேர்ந்தவர்களுக்குச் சற்று நல்ல சாப்பாடு, சேராதவர்களுக்குக் குறைந்த சாப்பாடு என்பது ஆள் சேர்க்கும் வழிகளில் ஒன்றாகவே இருந்தது. சீருடை போட்ட ஒருவர் வேலியருகே வந்து கிழங்கை நீட்டும்போது, பக்கத்துப் படுக்கையில் கிடந்த கைதிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். உங்கள் பாட்டா அதை வாங்கியிருந்தால் 'இவனும் போய்விட்டான்' என்று அன்று மாலையே முகாம் பேசியிருக்கும். நீட்டியவரோ, மூன்று வருடமாகப் பார்க்காத கூட்டுக்காரன் எலும்பும் தோலுமாக நிற்கிறானே என்று, தன் பங்கில் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்திருப்பார். ஒருவருக்கு அது விலைபோல் தெரிந்தது. இன்னொருவருக்கு அது பள்ளிக்கூடத் திண்ணையில் பங்குவைத்துத் தின்ற பண்டம். காவலுக்கு நின்ற சிப்பாயின் முன்னால் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல இருவருக்கும் வாய்ப்பில்லை. ஊருக்கு வந்தபின் வாய்ப்பு இருந்தது. அப்போது மனம் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய காகிதத்தை நான் பலமுறை வாசித்தேன். கார்பன் வைத்து எழுதிய நகல், ஊதா எழுத்து மங்கியிருக்கிறது, தேதி 1973. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி, மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. இந்திய தேசிய ராணுவத்தினரும் அதில் விண்ணப்பித்தார்கள். விண்ணப்பத்துக்குச் சான்று வேண்டும். தோட்டத்திலிருந்து சேர்ந்த ஒரு கிராணியிடம் என்ன ஆவணம் இருந்திருக்கும்? இந்த இடத்தில் உங்கள் பாட்டா எழுதிக்கொடுத்திருப்பது இதுதான்: "மேற்படியாரை நான் சிறுவயது முதல் அறிவேன். 1943ஆம் வருஷக் கடைசியில் சிங்கப்பூரில் நான் யுத்தக் கைதியாக இருந்த முகாம் வேலியருகே அவரை இந்திய தேசிய ராணுவ உடுப்பில் நேரில் கண்டேன். அன்று அவர் எனக்கு ஆகாரம் கொண்டுவந்தார். இது சத்தியம்."

இரண்டாவது வாக்கியத்தோடு அந்தச் சாட்சியம் முடிந்துவிடுகிறது. எந்த அதிகாரிக்கும் அதற்குமேல் தேவையில்லை. "அன்று அவர் எனக்கு ஆகாரம் கொண்டுவந்தார்" என்ற வரி ஓய்வூதிய அலுவலகத்துக்காக எழுதப்பட்டது இல்லை. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போகப்போகிறவர் வாசிப்பதற்காக எழுதப்பட்டது. இருவரும் பேசி நீங்கள் பார்த்ததில்லை என்கிறீர்கள். எனக்கு இந்தக் காகிதம் போதும்.

ஆகவே என் ஆலோசனை இது. பெயர் பொறிக்கும் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கல் விடுதலைக்காகப் போராடியவர்களுக்கு உரியது. உங்கள் பாட்டா அப்படித் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை, தனக்கென்று எந்த விண்ணப்பமும் போடவில்லை, கூட்டுக்காரருக்குத்தான் சாட்சி சொன்னார். போருக்குப் போன பழைய மாணவர்கள் எல்லோருக்கும் பள்ளி தனியாக ஒரு பட்டியல் வைத்தால் அதில் அவர் பெயர் வரட்டும். ஆனால் உங்கள் நண்பரிடம் இந்தக் காகிதத்தை விழாவுக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். போனால் அது பேரமாகிவிடும். கல் நட்டு, விழா முடிந்து, பந்தல் பிரித்தபிறகு ஒரு மாலையில் போங்கள். நகலெடுத்து ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, பாட்டாவின் கைப்பட்ட தாளையே அவர் கையில் கொடுங்கள். அவருடைய பாட்டாவைப் பற்றி உங்கள் பாட்டா எழுதிய நான்கு வரிகள் அவை. அவர் வீட்டில் இருப்பதுதான் முறை.

கேள்வி: அந்தக் காலத்தில் கன்னியாகுமரிப் பகுதி பிரிட்டிஷ் இந்தியாவிலேயே இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அப்படியானால் நம் ஊர்க்காரர்கள் யாருக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டிருந்தார்கள்? (கல்லூரி மாணவி, பார்வதிபுரம்)

பதில்: நல்ல கேள்வி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை தமிழ்நாட்டோடு சேரவில்லை. இங்கே பிறந்தவர் மகாராஜாவின் பிரஜை. அவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தால் மன்னர்-சக்கரவர்த்திக்குச் சத்தியம் செய்வார். மனத்தளவில் காங்கிரஸ்காரராக இருந்தால் காந்திக்கும் கட்டுப்பட்டவர். வக்கம் காதர் நினைவுக்கு வருகிறார்: திருவனந்தபுரத்துக்கு வடக்கே வக்கத்தில் பிறந்த திருவிதாங்கூர்ப் பிரஜை, மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர், இந்திய தேசிய ராணுவத்துக்காக நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து பிடிபட்டு, 1943 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

இதைவிட மனத்தைக் குழப்பும் நாள் பின்னால் வந்தது. 1947 ஜூன் 11ஆம் தேதி திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், வெள்ளையர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் அவர் வெட்டுப்பட்டார். ஜூலை 30ஆம் தேதி மகாராஜா இந்தியாவுடன் இணையச் சம்மதித்துத் தந்தி அனுப்பினார். இடைப்பட்ட அந்த ஏழு வாரங்களில், மகாராஜாவுக்கு உண்மையாக இருந்தவன் இந்தியாவுக்கு எதிரியாகவும், இந்தியாவுக்கு உண்மையாக இருந்தவன் சமஸ்தானத்துக்கு எதிரியாகவும் எண்ணப்பட்டான். உங்கள் பாட்டிமார் யாராவது இருந்தால் அந்த ஏழு வாரங்களைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். அச்சில் வந்தது குறைவு.

கேள்வி: காட்டிக்கொடுத்தவரை 'எட்டப்பன்' என்கிறோம். பள்ளியில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். முப்பது ஆண்டு கழித்து இப்போது மனம் உறுத்துகிறது. அந்தச் சொல் நியாயமானதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தோவாளை)

பதில்: நடந்ததை முதலில் சொல்கிறேன். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். எட்டயபுரத்துப் பாளையக்காரரின் ஆட்கள் கம்பெனியின் பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்தது எட்டயபுரம் இல்லை. தப்பிப்போனவர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லைக்குள் பிடிபட்டார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. அடுத்த பாளையத்தான் பகைவன் என்று நினைத்தவர்கள் வெள்ளைக்காரனை ஒரு துணையாகப் பார்த்தார்கள். அவன் இருவரையுமே விழுங்குவான் என்பது பிறகுதான் விளங்கியது. எட்டயபுரம் செய்தது தவறு. ஆனால் எட்டப்பன் என்ற ஒரு பாளையக்காரப் பரம்பரையின் பெயரையே வசைச்சொல்லாக்கியது அதைவிடச் சிறிய தவறு இல்லை. 1882இல் பாரதியார் பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தானே.

நீங்கள் தோவாளைக்காரர் என்பதால் உங்கள் வாசலில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். தலக்குளத்தில் 1765இல் பிறந்த வேலுத்தம்பி, திருவிதாங்கூரின் தளவாயாக, அதாவது முதன்மை அமைச்சராக, இருந்தபோது கம்பெனியின் ரெசிடெண்ட் (பிரதிநிதி) மெக்காலேயோடு நெருக்கமாக இருந்தவர். 1804இல் சம்பளக் குறைப்பை எதிர்த்து நாயர் படையினர் கிளர்ந்தபோது, அவர்களை அடக்கக் கம்பெனியின் உதவியைத்தான் நாடினார். அடுத்த ஆண்டு, சமஸ்தானம் வருடத்துக்கு 8 லட்சம் ரூபாய் கட்டவேண்டிய உடன்படிக்கை வந்தபோதும் அவரே தளவாய். அந்தப் பணத்தைக் கட்ட முடியாமல் நாடு திணறியபோதுதான் அவர் கண் திறந்தது. 1809 ஜனவரி 11ஆம் தேதி குண்டறையில் அவர் விடுத்த அழைப்பு, கம்பெனியை எதிர்த்து எழும்படி மக்களைக் கூப்பிட்டது. பிப்ரவரி 10ஆம் தேதி, பாளையங்கோட்டையிலிருந்து வந்த கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. அந்தப் படையின் சிப்பாய்களில் பெரும்பாலானவர்கள் நம்மைப்போன்ற தென்னாட்டுக்காரர்கள். கணவாய்க் காற்றுக்கு இருபுறமும் ஒரே மொழியில் கட்டளைகள் கேட்டிருக்கும். தோல்விக்குப் பின் மன்னர் வேலுத்தம்பியைக் கைவிட்டார். புதிய தளவாய் உம்மிணித் தம்பியின் ஆட்களே அவரைத் தேடினார்கள். கேரளத்து மண்ணடியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். உடலைத் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள்.

1804இல் வேலுத்தம்பியை எதிர்த்த நாயர் சிப்பாய் அவரைத்தான் துரோகி என்று சொல்லியிருப்பான். 1809இல் அதே வாய் அவரை வீரன் என்றது. ஐந்தே வருடம். வகுப்பில் இனி சொல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், அந்த ஐந்து வருடங்களை முழுவதுமாகச் சொல்லிக்கொடுங்கள். சொல்லைப் பிள்ளைகளே தேடிக்கொள்வார்கள்.

கேள்வி: விடுதலைப் போர் நடந்த பிற நாடுகளில், எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பிறகு என்ன செய்தார்கள்? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அல்ஜீரியாவைச் சொல்லலாம். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரான்சுக்கு எதிராகத் தொடங்கிய போர் 1962இல் விடுதலையில் முடிந்தது. பிரெஞ்சுப் படைக்குத் துணைநின்ற அல்ஜீரிய முஸ்லிம்களை 'ஹர்க்கி' என்பார்கள். பலர் வறுமையாலும், சிலர் எதிர்ப்பக்கத்தாரால் தம் உறவினர் கொல்லப்பட்ட கோபத்தாலும் சேர்ந்தவர்கள். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமுமாக நின்ற வீடுகள் உண்டு. போர் முடிந்ததும் பிரான்ஸ் அவர்களின் ஆயுதங்களைப் பறித்துவிட்டு, பெரும்பாலோரை அப்படியே விட்டுச்சென்றது, ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தப்பி பிரான்சுக்குப் போனவர்களை முள்வேலி முகாம்களில் வைத்தார்கள். 2021 செப்டம்பரில்தான் பிரெஞ்சு அதிபர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நம் நாட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. அதற்கு நன்றியோடு இருக்கலாம். 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகியோர்மேல் வழக்கு நடந்தபோது, பழைய படையில் இருந்த சிப்பாய்களே அவர்களுக்காகக் காசு திரட்டினார்கள். ஆயுள் தண்டனை விதித்த பின்னும் 1946 ஜனவரியில் படைத்தலைவர் ஆக்கின்லெக் அதை நீக்கவேண்டியதாயிற்று. ஆனால் ஒரு குறை எனக்கு இன்றும் ஆறவில்லை: சுதந்திர இந்தியாவும் இந்திய தேசிய ராணுவத்தினரைத் தன் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

கேள்வி: என் அப்பாவின் அண்ணன் மலாயாப் போரில் காணாமல் போனவர். அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அடுத்த மாதம் அங்கே போகிறேன். எங்கே தேடலாம்? (வாசகி, குளச்சல்)

பதில்: பிரிட்டிஷ் இந்தியப் படையில் இறந்திருந்தால் பெயர் க்ராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கக்கூடும். அங்கே உள்ள நினைவுச் சுவர்களில் கல்லறையே இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன; இந்தியர் பலர் அதில் உண்டு. போவதற்கு முன்பே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். நம் பெயர்களை அந்தக் காலத்து எழுத்தர்கள் விதவிதமாக எழுதியிருப்பார்கள்; ஒரே பெயரை ஐந்தாறு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் பல பதிவுகளில் இருக்கும். குளச்சல் என்றோ திருவிதாங்கூர் என்றோ கண்டால் நின்று பாருங்கள்.

இந்திய தேசிய ராணுவத்தில் இருந்திருந்தால் பெயர்ப் பட்டியலோடு கூடிய சுவர் அங்கே இல்லை. எஸ்பிளனேடு பூங்காவில், மறைந்த வீரர்களுக்காக 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, இரண்டே மாதத்தில் திரும்பி வந்த பிரிட்டிஷார் மவுண்ட்பேட்டன் உத்தரவின்பேரில் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995இல் சிங்கப்பூர் அரசு ஒரு நினைவுக்கல் வைத்தது. ஆவணங்களுக்கு தில்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்துக்குத்தான் எழுத வேண்டும்.

பெரியப்பா எந்தப் பக்கம் என்று தெரியாத நிலையில் இரண்டு இடத்துக்கும் போய்வாருங்கள். க்ராஞ்சி வடகோடியில் இருக்கிறது, எஸ்பிளனேடு தெற்கே. இரண்டுக்கும் ஒரே சிவப்புத் தடத்து ரயில்தான். க்ராஞ்சி நிலையத்தில் ஏறினால் சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கிப் பூங்காவுக்கு நடந்துவிடலாம். காலையில் வெயிலுக்கு முன்னால் க்ராஞ்சிக்குப் போங்கள். சுவர் நீளம், எழுத்து சிறியது, கண்ணாடியை மறக்க வேண்டாம்.